ஆவுடைநாயகத்தின் அருவி சேனல்

"இன்டர்நெட் டிவின்னு ஒண்ணு என் வீட்டு வாசப்படியைத் தாண்டி உள்ள வந்துச்சுன்னா, அந்த நிமிஷமே நான் வெளிய போயிருவேன்! இது சத்தியம்!"

சபதம் போட்டவர் ஆவுடைநாயகம். போட்ட இடம், அவர் வீட்டுக்கு எதிரே இருக்கும் கம்பத்தின் பாதி உயரம். ஆண்பிள்ளைகள் சபதம் போடுவதென்றால் எதற்கு ஏணி வைத்து ஏறுகிறார்களோ தெரியவில்லை. தரையில் நின்று போட்டால் பலிக்காது போலிருக்கிறது.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த லைன்மேன் சுந்தரபாண்டிக்கு ஐம்பது வயது. அதில் பாதி வயதை அந்த ஏணியைப் பிடித்தே கழித்தவர். "அண்ணாச்சி, சத்தியத்தைக் கீழ எறங்கி வந்து பண்ணுங்க. தூத்தல்ல ஏணி வழுக்குது" என்றார்.

வாசலில் நின்ற மனைவி கல்யாணசுந்தரி, "வெளிய போறதா இருந்தா குடையை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். "போன சீசன்ல மழையில நனைஞ்சு வந்து மூணு வாரம் இழுத்துக்கிட்டுக் கிடந்தீங்க. கஷாயம் வச்சே என் கை தேஞ்சு போச்சு."

இருபத்தெட்டு வருஷமாகத் தென்காசியில் ஏழு தெருவுக்கு கேபிள் கொடுப்பவர் ஆவுடைநாயகம். எந்த வீட்டு மாடிப்படி வழுக்கும், எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமலே கடிக்கும், எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே சீரியலை வேறு வேறு அறையில் பார்ப்பார்கள், எல்லாம் அவருக்கு மனப்பாடம். மாடிக்கு மாடி டிஷ் முளைத்தபோதுகூட அவர் அசரவில்லை. "சாரக்காத்துல தட்டு எத்தனை நாளைக்கு நிக்கும்?" என்றார். நிற்கவில்லை. ஆனால் இந்த நெட்டு தட்டும் இல்லை, தடியும் இல்லை. சத்தம் போடாமல் வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. வருஷத்துக்கு ஒரு தெரு என்று அவர் வயர்கள் சும்மா தொங்க ஆரம்பித்தன.

அந்த வைகாசிக் காலையில் எதிர்வீட்டு லோகநாயகி வந்து, "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுல நெட்டு போட்டாச்சு. கேபிளை எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊரே போனாலும் பொறுக்கலாம். எதிர்வீடு! அதுவும் அவருடைய முதல் கனெக்ஷன்! அதனால்தான் கோபத்தோடு ஏணி, ஏணியோடு சபதம்.

கையில் கட்டிங் பிளேயர். கம்பத்தில் நாலைந்து கறுப்பு வயர். ஒன்றை இழுத்துப் பிடித்தார்.

"என்னங்க, ஒரு நிமிஷம் இங்க பாருங்க..." என்று கல்யாணசுந்தரி இரண்டு படி இறங்கி வந்தாள்.

"ஒரு வார்த்தை பேசாதே! தொழில் விஷயத்துல வீட்டுப் பொம்பளை தலையிடப் பிடாது!"

கல்யாணசுந்தரி வாயை மூடிக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் அந்த இடத்திலேயே சந்தேகப்பட்டிருப்பான். ஆவுடைநாயகமோ, பொண்டாட்டியை ஒரே அதட்டில் அடக்கிவிட்ட பெருமையோடு 'டிக்'கென்று வயரை வெட்டினார். வெட்டிய துண்டு லோகநாயகி வாசலில் பாம்பு மாதிரி விழுந்தது.

உள்ளே வந்து தலையைத் துவட்டும்போது கல்யாணசுந்தரி பூஜை அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வைத்தாள். சித்திரையிலிருந்தே அந்த உறை விபூதிச் சம்புடத்துக்கு அடியில்தான் கிடக்கிறது. நெட் கம்பெனி ஒன்று அனுப்பிய ஒப்பந்தம். ஏழு தெருவுக்கும் இன்டர்நெட் கொடுக்க உள்ளூரில் ஆள் வேண்டுமாம். வயர் இழுக்கத் தெரிந்தவர், வீடு வீடாகப் பழக்கமுள்ளவர். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறிகூடப் போட்டிருந்தது.

"ஆடி கடைசி வெள்ளியோட தேதி முடியுது. நீங்க போடலைன்னா வேற யாரோ வந்து போட்டுருவான்" என்றாள்.

"போடட்டும். எனக்கு என் கேபிள் போதும்."

"கேபிளுக்கு நீங்க போதும். பாக்கதுக்கு ஆளு வேண்டாமா?"

"ஏட்டி, ஒரு சீசன் டயம் குடு. போன வீடெல்லாம் திரும்பி வரும். ஐம்பது வீடு! ஆடிக்குள்ள ஐம்பது வீடு திரும்பி வரலைன்னா, நீ சொல்லுத இடத்துல கையெழுத்து. வந்துட்டா, இந்த உறையை அடுப்புல போட்டுரணும்."

"சரி" என்றாள் கல்யாணசுந்தரி. பாளையங்கோட்டை கான்வென்டில் படித்தவள். பந்தயம் என்றால் கடைசி வரை நிற்பாள்.

எப்படி ஐம்பது வீட்டைத் திருப்புவது? ஒரு வாரம் ஆவுடைநாயகம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதில் விட்டத்திலிருந்து வரவில்லை. போனிலிருந்து வந்தது.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு உறவு பெருகிவிடும். பத்து மாதம் இருக்கிறோமா இல்லையா என்று கேட்காத சனம், ஆனி பிறந்ததும் போன் போடும். சௌக்கியமா என்று கேட்காது. ஒரே கேள்விதான்.

"தண்ணி விழுதா?"

அன்று காலையிலிருந்து அது பதினோராவது போன். ராயகிரிச் சித்தப்பா, மதுரை ஒன்றுவிட்ட அக்கா, சென்னையிலிருக்கும் தம்பி கௌரிசங்கர், அவனுடைய ஆபீஸ் மானேஜர், மானேஜரின் மச்சினன். கல்யாணசுந்தரி ஒரு கையில் தோசைக் கரண்டியும் ஒரு கையில் போனுமாக, "விழுது. நல்லா விழுது. ஐந்தருவியிலயும் விழுது. இல்ல, மெயினருவியில குளிக்கிறவங்க தலைக்கு மேல இருக்கிற ஆர்ச்சைத் தண்ணி தாண்டலை. குளிக்க விடுதாங்க. நான் என்ன அருவி பக்கத்துலயா குடியிருக்கேன்? எட்டிப் பாத்துச் சொல்லதுக்கு!" என்று கத்திவிட்டு போனை வைத்தாள். தோசை கருகிவிட்டது.

ஆவுடைநாயகத்துக்குக் கருகிய தோசையின் புகையில் ஞானம் பிறந்தது.

"கல்யாணி! அருவியை டிவியில காட்டுவோம்! காலம்பற அஞ்சு மணியிலேருந்து விளக்கு வைக்கிற வரைக்கும். வேற ஒண்ணும் கிடையாது. தண்ணி விழுதா, எவ்வளவு விழுது, அவ்வளவுதான். நம்ம கேபிள்ல மட்டும்! நெட்டு போட்டவன் எல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவான் பாரு!"

கல்யாணசுந்தரி ஒரு நிமிஷம் யோசித்தாள். "பொம்பளைங்க குளிக்கிற பக்கம் ஒரு அங்குலம் தெரிஞ்சாலும் நானே வந்து கேமராவை உடைப்பேன்."

"சீ! ஆர்ச்சுக்கு மேலதான் காட்டணும்னு போலீஸ்லயும் சொல்லிட்டுதான் விடுவாங்க."

"அப்ப நல்ல யோசனைதான்" என்றாள்.

அவருடைய யோசனையை அவள் நல்லது என்று சொன்னதும் ஆவுடைநாயகத்துக்கு இரண்டாவது முறையாகச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மெயினருவிக்கு எதிர்த்தாற்போல் லாட்ஜ் வைத்திருக்கும் செங்கோட்டை மன்சூர் பழைய சிநேகிதர். மொட்டை மாடியில் கேமரா வைக்க இடம் கொடுத்தார். சாரல் படாமலிருக்க அதற்கு மேல் பாதியாக வெட்டிய பெயின்ட் டப்பாவைக் குல்லாய் மாதிரி கவிழ்த்தார்கள். அங்கிருந்து படம் தென்காசி கண்ட்ரோல் ரூமுக்கு எப்படி வந்து சேருகிறது என்று ஆவுடைநாயகம் கேட்கவில்லை. மன்சூரின் மனைவி ஹஃப்சா கம்ப்யூட்டர் படித்தவள். ஏதோ ஒரு பெட்டியை வைத்தாள், எதையோ எதிலோ செருகினாள், "வருதா பாருங்க அண்ணாச்சி" என்றாள். வந்தது. இன்டர்நெட் வழியாகத்தான் வருகிறது என்று அவளும் சொல்லவில்லை, சுந்தரபாண்டியும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அவர்களிடம் சொன்னது யார் என்று நானும் இப்போதைக்குச் சொல்லப் போவதில்லை.

அருவி சேனல் ஓடியது. தென்காசி பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில் ஓடியது, சலூனில் ஓடியது, பல் டாக்டர் வாசலில் ஓடியது. வலியோடு உட்கார்ந்திருப்பவர்கள் வெள்ளை வெளேரென்று கொட்டும் தண்ணீரைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தார்கள். டாக்டருக்கும் வேலை சுலபம். முதல் வாரம் எட்டு வீடு திரும்பியது. ஆடி பிறக்கும்போது முப்பத்தொன்று. கண்ட்ரோல் ரூம் கதவில் ஆவுடைநாயகம் சாக்பீஸால் எண்ணிக்கை எழுதி வைத்தார்.

வீட்டு டிவியில் அதைப் பார்க்கும்போது அவருக்கு நெஞ்சு விரிந்தது. ரிமோட் அவர் கைக்கு வராது. அது கல்யாணமான நாளிலிருந்து கல்யாணசுந்தரியின் இடுப்பில்தான் இருக்கும். ஆனால் படம்!

"பாத்தியாட்டி, என்ன கிளியரு! ஒவ்வொரு சொட்டும் தெரியுது. ஊர்ல எல்லார் வீட்டுலயும் புள்ளி புள்ளியா வருதுன்னு புகார் சொல்லுதான். நம்ம வீட்டு வயரு நான் என் கையால இழுத்தது. அதான்."

"அதான்" என்றாள் கல்யாணசுந்தரி, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே.

ஆடிக் காற்றில் மரம் விழுந்து தெருவில் பாதி வீட்டுக்கு கேபிள் போனது. ஆவுடைநாயகம் வீட்டில் மட்டும் சீரியல் நிற்காமல் ஓடியது.

"பாத்தியா! மரமே விழுந்தாலும் நம்ம லைன் அசையலை!"

"அசையலை" என்றாள்.

"அதோட இன்னொண்ணு கவனிச்சியா? நம்ம வீட்டுல விளம்பரமே வாரதில்லை. ஆபரேட்டர் வீடுன்னு சேனல்காரனுக்குத் தெரிஞ்சிருக்கும் போல. மரியாதைட்டி, மரியாதை!"

கல்யாணசுந்தரிக்குப் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். லேஸ் துணி போர்த்திய செட்டாப் பாக்ஸை ஆவுடைநாயகம் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவிக் கொடுத்தார். அதன் சிவப்பு விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அவரைக் கெடுத்தது ஒரு கந்தல் துணி.

சாரலில் கேமராக் கண்ணாடி பனித்துப் போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் யாராவது மொட்டை மாடி ஏறித் துடைக்க வேண்டும். "சுந்தரபாண்டிக்கு மென்மையா துடைக்க வராது. நானே போறேன்" என்றார் ஆவுடைநாயகம். துணியோடு குற்றாலம் போவார், துடைப்பார், அருவியைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், திரும்புவார். அவர் அருவியில் நனைந்து இரண்டு வருஷமாகிறது. நனைந்தால் இழுப்பு வருகிறது, இழுப்பு வந்தால் கல்யாணசுந்தரி வருகிறாள். அதனால் அருவி கூடாது, எண்ணெய்க் குளியல் கூடாது, குளித்துவிட்டுச் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி கூடவே கூடாது. தென்காசியில் பிறந்து, குற்றாலத்தை ஐந்து கிலோமீட்டரில் வைத்துக்கொண்டு, சீசனில் வெந்நீரில் குளிக்கும் மனிதனின் துக்கம் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாது.

அன்று ஆடி மூன்றாம் செவ்வாய். தெருப் பெண்களுக்கு ஔவையார் நோன்பு. மத்தியானமே லோகநாயகி வீட்டில் கூடி மாவு இடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த நோன்பை ஆண்பிள்ளை எட்டிப் பார்க்கக் கூடாது. கொழுக்கட்டையைக் கண்ணால்கூடக் காணக் கூடாது. கல்யாணசுந்தரியும் உலக்கையோடு போய்விட்டாள். இனிச் சாயங்காலம் வரை வரமாட்டாள்.

ஆவுடைநாயகம் துணியை எடுத்தார். கூடவே துண்டையும் எடுத்தார்.

லாட்ஜ் வாசலில் மன்சூர் நின்றிருந்தார். "அண்ணாச்சி, அந்தக் கேமரா ஸ்க்ரூ லூசா ஆடுது. தொடும்போது..."

"ஒரு வார்த்தை பேசாதேயும் வே! இருபத்தெட்டு வருஷமா ஸ்க்ரூவோட குடும்பம் நடத்துதேன். எனக்குத் தெரியாதா?"

மாடிக்குப் போனார். கண்ணாடியை அழுத்தித் துடைத்தார். இரண்டு தரம் துடைத்தார். அவசரத்தில் மூன்றாவது தரமும் துடைத்தார். கேமரா லேசாகத் தலை குனிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. போனில் சுந்தரபாண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏ சுந்தரபாண்டி, அருவி சேனல்ல 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையைப் போடும். ரெண்டு மணி நேரம்."

"என்ன தடங்கல் அண்ணாச்சி?"

"நாந்தான் தடங்கல். போடும்னா போடும்!"

கேமரா ஆர்ச்சுக்கு மேலேதான் பார்க்கிறது. கீழே குளிக்கிறவன் தெரிய மாட்டான். ஆனாலும் திருட்டுத்தனமாக ஒன்றைச் செய்யப் போகிறவனுக்கு ஊரே தன்னைப் பார்ப்பதாகத் தோன்றுமல்லவா? இப்போது பயமில்லை. ஏழு தெருவிலும் அட்டை. ஆவுடைநாயகம் துண்டைக் கட்டிக்கொண்டு படியிறங்கினார்.

ஆண்கள் பக்கம், லாட்ஜுக்கு நேர் கீழே, எண்ணெய் தேய்க்கும் கல். பரமசிவன் கையில் கிண்ணத்தோடு நின்றிருந்தார்.

"அண்ணாச்சி! ரெண்டு சீசனா ஆளையே காணோம்? முதுகு பூரா வறண்டு போய்க் கிடக்கு!"

"வீட்டுல கட்டுப்பாடு வே."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு அவளுக்கு நோன்பு. எனக்கு விடுதலை. நல்லா அடிச்சுத் தேயும்!"

பரமசிவன் தேய்த்தார். தேய்த்தாரா, தபேலா வாசித்தாரா என்று சொல்ல முடியாது. குப்புறப் போட்டு அடித்தார், மல்லாத்திப் போட்டு அடித்தார், காலை மடக்கி முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். ஆவுடைநாயகம், "ஆகா! அங்கனதான்! அங்கனதான்!" என்று முனகினார். நடுவில் நிமிர்ந்து பார்த்தபோது மொட்டை மாடி ஓரத்தில் மன்சூர் இரண்டு கையையும் வீசி வீசி ஏதோ சொன்னார். அருவிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. தண்ணீர் நன்றாக விழுகிறது என்கிறார் போலிருக்கிறது. ஆவுடைநாயகமும் கல்லின் மேல் எழுந்து நின்று, மாடியைப் பார்த்து, எண்ணெய் வழிய, இரண்டு கையையும் வீசிக் காட்டினார். சந்தோஷத்தில் இரண்டு குதி குதித்தும் காட்டினார்.

பிறகு அருவி. இரண்டு வருஷத்துத் தாகம். தலையில் நூறு பேர் சேர்ந்து கொட்டு வைப்பதுபோல் தண்ணீர் இறங்கியது. அரை மணி நேரம் கழித்து நடுங்கிக்கொண்டு வெளியே வந்து, அதே கல்லில் உட்கார்ந்து நாலு மிளகாய் பஜ்ஜி தின்றார். ஐந்தாவதைப் பரமசிவனுக்குக் கொடுக்க எடுத்தார். அதையும் அவரே தின்றார்.

லாட்ஜுக்குத் திரும்பியதும், அதற்குள் ஸ்க்ரூவை முறுக்கி ஒருவழியாகக் கேமராவை நிமிர்த்தியிருந்த மன்சூர், "அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும்..." என்று இழுத்தார்.

"ஒரு வார்த்தை பேசாதேயும்! மனசு நிறைஞ்சு கிடக்கு!"

சீயக்காய் போட்டு எண்ணெய் வாசம் போகத் தேய்த்தார். ஃபேனுக்கு அடியில் தலையைக் காயவைத்தார். முகத்துக்குப் பவுடர். வீட்டிலிருந்து கிளம்பியபோது எப்படி இருந்தாரோ, அதைவிடச் சுத்தமாகத் திரும்பினார். போனில் முப்பது மிஸ்டு கால். எல்லாம் உறவுக்காரர்கள். "தண்ணி விழுதான்னு கேப்பானுவ" என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தெருவில் திரும்பும்போது லோகநாயகி வீட்டிலிருந்து பெண்கள் மாவு படிந்த கையோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். இன்னொருத்தி இரண்டு கையையும் வீசிக் காட்டிவிட்டு உள்ளே ஓடினாள். நோன்பு நாளில் பெண்கள் கொஞ்சம் உற்சாகமாகத்தான் இருப்பார்கள் என்று ஆவுடைநாயகம் நினைத்துக்கொண்டார்.

கல்யாணசுந்தரி வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் டம்ளர். ஆவி பறந்தது.

"என்னட்டி இது?"

"சுக்குக் கஷாயம்."

"எனக்கு என்ன வந்துச்சு?"

"இன்னும் அரை மணி நேரத்துல தும்முவீங்க. வேலை எல்லாம் ஆச்சா?"

"அதை ஏன் கேக்குத! கண்ணாடி பூரா பாசி. துடைச்சுத் துடைச்சு இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

"இடுப்பைத்தான் பரமசிவன் நிமித்தி விட்டாருல்ல?"

ஆவுடைநாயகம் டம்ளரை வாங்கினார். "எந்தப் பரமசிவன்?"

"உள்ள வாங்க. தண்ணி எப்படி விழுதுன்னு பாப்போம்."

இடுப்பிலிருந்து ரிமோட்டை எடுத்தாள். டிவியில் அருவி சேனல். ஆவுடைநாயகம் நிம்மதியாக மூச்சு விட்டார். அருவி மட்டும்தானே! ஆனால் கல்யாணசுந்தரி ஒரு பொத்தானை அழுத்தினாள். படம் பின்னோக்கி ஓடியது. விழுந்த தண்ணீர் மேலே ஏறியது. கேபிள் வரலாற்றில் இல்லாத காரியம். இருபத்தெட்டு வருஷமாக அவர் கொடுத்த எந்தப் படமும் திரும்பிப் போனதில்லை. ஓடி ஓடி ஒரு கல்லின்மேல் வந்து நின்றது. கல்லின்மேல், துண்டோடு, எண்ணெயில் மினுங்கிக்கொண்டு, முகத்துக்கு நேரே தன் காலைத் தானே பார்த்துக்கொண்டு, ஆவுடைநாயகம்.

"ஏட்டி! நிப்பாட்டு!"

"நிப்பாட்டலாம். பாருங்க, நிக்குது." நின்றது. அவர் வாயைப் பிளந்துகொண்டிருந்த இடமாகப் பார்த்து நின்றது. "ஓட்டலாம். திரும்ப ஓட்டலாம். பஜ்ஜி வார இடத்தைப் பாக்கீங்களா? அஞ்சு. நாங்க எல்லாரும் எண்ணுனோம்."

"எல்லாரும்னா?"

"நோன்புக்கு வந்த பதினாறு பேரு. ஆம்பளை பாக்கப் பிடாத நோன்புல உக்காந்து ஆம்பளையைப் பாத்துட்டோம். பரிகாரம் உண்டான்னு லோகநாயகி விசாரிச்சுட்டு இருக்கா."

"பதினாறு பேரா!"

"தெருவுல பதினாறு. மொத்தம் ஆயிரத்து நானூறு பேர் பாத்துருக்காங்க. 'தண்ணி விழுதா'ன்னு போன் போட்ட அத்தனை பேருக்கும் ஆனியிலேயே நாங்க கேமராவோட நெட்டு லிங்க் அனுப்பிட்டோம், நானும் ஹஃப்சாவும். எனக்கு போன் வாரது நின்னுச்சு, தோசை கருகுறது நின்னுச்சு. கௌரிசங்கரோட ஆபீஸ்ல பெரிய திரையில போட்டாங்களாம். நீங்க கையை வீசிக் குதிச்சீங்கல்ல, அப்ப எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டுனாங்களாம். நம்ம மக அபி பெங்களூர்லேருந்து அழுதுக்கிட்டே போன் பண்ணா."

"புள்ளை அழுதாளா?"

"சிரிச்சுச் சிரிச்சு."

ஆவுடைநாயகம் நாற்காலியில் சரிந்தார். பிறகு ஒரு நம்பிக்கை தோன்றி நிமிர்ந்தார். "அதெப்படி? கேபிளை நான் நிப்பாட்டிட்டேனே! அட்டை போடச் சொன்னேனே! நம்ம வீட்டு டிவியில எப்படி வரும்?"

"முதல்ல இதைப் பாருங்க. அதை அப்புறம் சொல்லுதேன்" என்று கல்யாணசுந்தரி பழுப்பு உறையை மேஜையில் வைத்தாள். அதன்மேல் ஒரு தாளை வைத்தாள். மாவு விரல் பதிந்த தாள். அதில் பெயர்கள்.

"என்னது இது?"

"மாவு இடிக்கையில எழுதுனது. நெட்டு போட்ட வீடுங்க. அந்த நெட்டுக்காரனுக்கு போன் போட்டா ஒரு நாள் எடுக்கான், மூணு நாள் எடுக்க மாட்டேங்கானாம். வந்தா எந்த வீட்டு மாடி எங்க இருக்குன்னு தெரியாம முழிக்கானாம். 'அண்ணாச்சின்னா கொட்டுற மழையிலயும் ஏணியைத் தூக்கிட்டு வருவாரு. அவரு நெட்டு குடுத்தா நாங்க மாறிருதோம்'னு அவங்களா சொன்னாங்க. முப்பத்தெட்டு வீடு. ஒரு மத்தியானத்துல. உங்க கதவுல சாக்பீஸ் எத்தனை காட்டுது?"

"முப்பத்தி நாலு" என்றார் ஆவுடைநாயகம் மெதுவாக.

தாளை வாங்கிப் படித்தார். கீழப்புலியூர்க்காரர் வீடு இருந்தது. வருஷா வருஷம் சண்டை போட்டுவிட்டுப் போன வாத்தியார் வீடு இருந்தது. கடிக்கிற நாய் வீடும் இருந்தது. முதல் பெயர் லோகநாயகி. ஊரெல்லாம் தன்னை விட்டுப் போய்விட்டது என்றுதானே இத்தனை நாளும் நினைத்திருந்தார்? போனது வயரை விட்டுத்தான். ஆளை விட்டு ஒருத்தரும் போகவில்லை. அவர் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வெகுநேரம் படித்தார். முப்பத்தெட்டுப் பெயர் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"கண்ணு கலங்குதா?"

"தும்மல் வருதுட்டி" என்றார். உண்மையாகவே தும்மினார்.

"கஷாயத்தைக் குடிங்க."

குடித்தார். பேனாவைக் கேட்டார். அது ஏற்கெனவே அவர் பக்கத்தில்தான் இருந்தது. பென்சில் பெருக்கல் குறி இருந்த இடத்தில், இருபத்தெட்டு வருஷத்துப் பெருமையோடு, நீட்டி முழக்கி ஆவுடைநாயகம் என்று கையெழுத்துப் போட்டார். போட்டதும் புது ஆபரேட்டரின் கவலை ஒன்று வந்துவிட்டது.

"ஆனா சத்தியம் பண்ணிருக்கேனேட்டி! கம்பத்துல நின்னு! இன்டர்நெட்டு வீட்டுக்குள்ள வந்தா வெளிய போயிருவேன்னு!"

"கதவுக்குப் பின்னால குடை இருக்கு. எடுத்துக்கிட்டு வெளிய போங்க. முப்பத்தெட்டு வீட்டுக்கும் கனெக்ஷன் குடுத்துட்டு, சோத்துக்கு வந்துருங்க."

ஆவுடைநாயகம் சிரித்துவிட்டார். எழுந்தார். குடையை எடுத்தார். வாசல்வரை போனவருக்குத் தன் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே என்று உறைத்தது. திரும்பி வந்தார்.

"எல்லாம் சரி. இதை மட்டும் சொல்லு. நம்ம வீட்டுல எப்பலேருந்து நெட்டு ஓடுது?"

"வைகாசியிலேருந்து. லோகநாயகி வீட்டு வைஃபை. பாஸ்வேர்டை அவதான் சொன்னா."

"வைகாசியிலேருந்தா! கட்டுன புருஷனோட தொழிலுக்கு, அவன் வீட்டுக்குள்ளேயே இருந்துக்கிட்டு, இப்படியாட்டி துரோகம் பண்ணுவ?"

கல்யாணசுந்தரி செட்டாப் பாக்ஸின் மேலிருந்த லேஸ் துணியை எடுத்து உதறி மடித்தாள்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்கதான் ஒரு வார்த்தை பேசாதேன்னுட்டீங்க. கம்பத்துல ஏறி நீங்க வெட்டுனது லோகநாயகி வீட்டு வயரு இல்லை, நம்ம வீட்டு வயரு."